பத்து மில்லிமீட்டர்: ஃபிளமெங்கோ கிதாரின் ஆழமும் அதன் குரலும்

பாட்டும் ஆட்டமும் கைத்தட்டலும் சேர்ந்த ஸ்பானிய இசை மரபான ஃபிளமெங்கோவின் கிதாரையும் கிளாசிக்கல் கிதாரையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது நிறம். கையில் எடுத்தவுடன் எடை வேறுபாடு தெரிகிறது. மடியில் வைத்து வலக்கையை மேலே போட்ட பிறகுதான், ஒன்றின் பெட்டி மற்றதைவிட ஒரு விரல் அகலம் ஒல்லியாக இருப்பது உடம்புக்குப் புரிகிறது. கிளாசிக்கல் கிதாரின் பக்கப்பலகை பொதுவாக 95 முதல் 105 மில்லிமீட்டர் வரை ஆழம் கொண்டது. சைப்ரஸ் மரத்தில் செய்யப்படும் மரபான ஃபிளமெங்கோ கிதாரில், அதாவது வெளிர்நிறத்தால் ‘பிளாங்கா’ என்று பெயர் பெற்ற கிதாரில், அது பெரும்பாலும் 85 முதல் 95 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. இந்தப் பத்து மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காட்டி, வறண்டு வெடித்து உடனே அடங்கும் அந்தத் தனி ஒலிக்கு இதுவே காரணம் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஆழம் ஒலியை மாற்றுவது நிச்சயம். ஆனால் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது, அது வேலை செய்யும் இடமும் நாம் தேடும் இடத்தில் இல்லை.

எண்களை ஒப்பிடும்முன் எங்கே அளந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பக்கப்பலகையை மட்டும் அளப்பவர் உண்டு. மேற்பலகை, பின்பலகை இரண்டின் தடிமனையும் சேர்த்து அளப்பவரும் உண்டு. இதிலேயே நான்கைந்து மில்லிமீட்டர் வேறுபடும். கழுத்து சேரும் முனையில் பெட்டி ஆழம் குறைந்தும், வால்முனையில் ஆழம் கூடியும் இருப்பது வழக்கம். பின்பலகை தட்டையாக இல்லாமல் வெளிப்புறம் சற்றே வளைந்திருப்பதால் நடுப்பகுதியின் ஆழம் ஓரத்தைவிட அதிகம். ஆகவே ஒரு கிதார் 92 என்றும் இன்னொன்று 96 என்றும் விற்பனைக் குறிப்பில் இருப்பதை வைத்து அவற்றின் ஒலியைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் கனஅளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

காதுக்குப் பொருட்டாக இருப்பது அந்தக் கனஅளவுதான். குழாயடியில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடிக்கும்போது, குடம் நிறைய நிறைய ஒலி மேலேறிக்கொண்டே போவதைக் கேட்டு, எட்டிப் பார்க்காமலே குழாயை மூடப் பழகியவர்கள் நாம். உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று குறையக் குறைய அதன் ஒலி உயர்கிறது. வாய் குறுகிய கலம் ஒன்றில் இது எப்படி நிகழ்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக ஆராய்ந்தார். கலத்தின் வாயில் நிற்கும் காற்று ஒரு சிறு எடையைப் போலவும், உள்ளே அடைபட்ட காற்று அந்த எடையைத் தாங்கும் சுருள்வில்லைப் போலவும் நடந்துகொள்கின்றன. வில் விறைப்பானால் அதிர்வெண் கூடும். கலம் சிறிதானால் வில் விறைப்பாகும். கிதாரில் வாய் என்பது ஒலித்துளை. கலம் என்பது பெட்டி.

இதைக் கையில் ஒரு கிதார் உள்ள எவரும் சோதித்துப் பார்க்கலாம். தந்திகளை உள்ளங்கையால் அடக்கிவிட்டு, ஒலித்துளைக்கு மேலே வாயைக் கொண்டுபோய், குரல் எட்டும் மிகத் தாழ்ந்த சுரத்தில் முனகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலேற வேண்டும். கட்டையான ஆண்குரல் இதற்கு எளிதாக உதவும். ஓர் இடத்தில் பெட்டி சட்டென்று நம்முடன் சேர்ந்து பேசும்; பின்பலகையைத் தாங்கியிருக்கும் விரல்களில் குறுகுறுப்புத் தெரியும். அந்தச் சுரத்தைத் தாண்டினால் பெட்டி மறுபடியும் மௌனமாகிவிடும். பெரும்பாலான நைலான் தந்திக் கிதார்களில் இந்த இடம் 100 ஹெர்ட்ஸை ஒட்டி, ஆறாம் தந்தியின் இரண்டாம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் இடையில் எங்கோ விழும். இப்போது ஓர் அஞ்சலட்டை அளவுள்ள தடித்த தாளைச் சுருட்டி, ஒலித்துளைக்குள் குழாய்போலச் செருகிவிட்டு மீண்டும் முனகினால், பெட்டி பதில் சொல்லும் இடம் கீழே இறங்கியிருக்கும். வாயில் நிற்கும் காற்றின் எடை கூடியதன் விளைவு அது. நவீனக் கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்திய அல்மேரியாவின் அந்தோனியோ தே தோர்ரெஸ் (1817–1892) தம் கிதார்கள் சிலவற்றில் ‘தோர்னாபோஸ்’ என்ற உலோகக் குழலை ஒலித்துளைக்குள் பொருத்தியபோது செய்தது இதையே. பெட்டியின் ஆழத்தைத் தொடாமலே காற்றின் சுரத்தைக் கீழே இறக்க அவருக்கு ஒரு வழி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்தப் பத்து மில்லிமீட்டருக்கு வருவோம். ஒரு முழுஅளவுக் கிதாரின் பெட்டிக்குள் சுமார் 13 லிட்டர் காற்று இருக்கிறது. ஆழத்தை 95-இலிருந்து 85 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல் காற்று குறைகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு. பெட்டியின் சுவர்கள் கல்லைப்போல அசையாதவை என்று வைத்துக்கொண்டால், காற்றின் அதிர்வெண் கனஅளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்ற விதிப்படி, அது ஐந்தரை விழுக்காடு அளவு உயர வேண்டும். இது ஏறக்குறைய ஓர் அரைச்சுரம். ஆனால் கிதாரின் சுவர்கள் கல் அல்ல. மேற்பலகையும் பின்பலகையும் காற்றின் அழுத்தத்துக்கு இடம் கொடுத்து வீங்கி அடங்குகின்றன. அந்த நெகிழ்ச்சி ஏற்கெனவே பெட்டியைக் காதுக்குப் ‘பெரிதாக’ ஆக்கி வைத்திருக்கிறது. இதைக் கணக்கில் சேர்த்துத் தோராயமாகப் பார்த்தால் உண்மையான உயர்வு சுமார் மூன்று விழுக்காட்டளவில், அரைச்சுரத்தில் பாதியளவில்தான் நிற்கிறது. நூறு ஹெர்ட்ஸில் பேசிய பெட்டி நூற்று மூன்றில் பேசும்.

இந்த எண்ணை வேறு இரண்டு எண்களுடன் ஒப்பிட்டால்தான் அதன் நிலை விளங்கும். ஒலித்துளையின் விட்டம் வழக்கமாக 84 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதை ஐந்தாறு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் காற்றின் சுரம் இதே அளவு உயர்ந்துவிடும். மேற்பலகையின் தடிமனோ இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர். உள்விட்டங்கள், அதாவது பலகையின் உட்புறம் தாங்கலாக ஒட்டப்படும் மரச்சட்டங்கள், இல்லாத ஒரு தட்டைப் பலகையில் அதிர்வெண் தடிமனுக்கு நேர்விகிதம் என்பதால், 2.2 மில்லிமீட்டர் பலகையில் 0.2 மில்லிமீட்டரைச் சீவி எடுத்தால் அதன் சுரம் ஒன்பது விழுக்காடு இறங்கிவிடும். உள்விட்டங்கள் ஒட்டியபின் இந்த மாற்றம் குறையும் என்றாலும், ஒரு தாளின் தடிமனில் கைவினைஞர் செய்யும் வேலை, பக்கப்பலகையில் ஒரு விரல் அகலத்தைக் குறைப்பதற்கு ஈடாக நிற்கிறது என்பது தெளிவு. ஆழத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதற்குக் காரணம், அது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிகிற அளவு என்பதுதான். பலகையின் தடிமனை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஆழத்தைக் குறைப்பதால் என்னதான் கிடைக்கிறது? இரண்டு கிடைக்கின்றன என்று கருதுகிறேன். முதலாவது, அடைபட்ட காற்று மேற்பலகைக்கும் ஒரு சுருள்வில்லாக நின்று அதைப் பின்னாலிருந்து தாங்குகிறது. பெட்டி ஒல்லியானால் அந்தத் தாங்கல் விறைப்பாகிறது. அதனால் 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் மேற்பலகையின் முதன்மை அதிர்வும் சற்று மேலே தள்ளப்படுகிறது. மேற்பலகையின் அசைவு பின்பலகைக்குக் காற்றின் வழியே இன்னும் நெருக்கமாகக் கடத்தப்படுகிறது. இரண்டு அடிப்படை அதிர்வுகளும் சேர்ந்து மேலேறும்போது, ஒலியின் எடை தாழ்ந்த சுரங்களான அடித்தளத்திலிருந்து நடுப்பகுதிக்கு நகர்வதாகக் காது உணர்கிறது. ஃபிளமெங்கோ மிகவும் மெல்லிய மேற்பலகையை விரும்புகிறது. அத்தகைய பலகை தானாகவே தாழ்ந்த சுரத்துக்கு இறங்கும். ஒல்லியான பெட்டி அந்த இறக்கத்தில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. ஆகவே இந்தப் பத்து மில்லிமீட்டரைத் தனியே எடுத்துப் பார்ப்பதைவிட, மெல்லிய பலகையுடன் சேர்த்துப் பார்ப்பதே சரி.

இரண்டாவது காரணம் இசைக்குள் இருக்கிறது. ஃபிளமெங்கோவில் கிதார் முதலில் பாட்டுக்குத் துணை. பாடகரின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே கிதார் போயாக வேண்டும். அதற்காகக் கழுத்தின் குறுக்கே ‘செஹியா’ என்ற கட்டையை இறுக்கிப் பூட்டுகிறார்கள். மேற்கத்திய இசையின் ஈ (E) சுரத்தை ஆதாரமாகக் கொண்ட கைநிலையைப் ‘போர் அர்ரீபா’ என்றும், ஏ (A) சுரத்தை ஆதாரமாகக் கொண்டதைப் ‘போர் மேதியோ’ என்றும் சொல்வார்கள். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் கை இந்த இரண்டு வீட்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் குடியிருக்கும். செஹியா இல்லாதபோது கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் 82 ஹெர்ட்ஸ். இரண்டாம் கட்டத்தில் பூட்டினால் அது 92. மூன்றாம் கட்டத்தில் 98. நான்காம் கட்டத்தில் 104. போர் மேதியோவில் மூன்றாம் கட்டத்தில் செஹியா இருந்தால் ஆதார சுரமே 131 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. அதாவது ஒரு துணைக் கிதார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சுரமும் மீட்டாமல் கழிக்கிறது. கிளாசிக்கல் கிதாரிலோ ஆறாம் தந்தியின் திறந்த ஈ, சில வேளைகளில் டீ (D) சுரம் வரை இறக்கப்பட்ட தந்தி, நீண்ட கார்வையுடன் ஒலித்து மேலே நகரும் மெட்டுக்குத் தரையாக நிற்க வேண்டும். அங்கே பெட்டியின் தாழ்ந்த காற்றுச்சுரம் செல்வம். இங்கே அது பயன்படாத நிலம்.

அதுமட்டுமன்று, இடைஞ்சலும்கூட. புலேரியாஸ் என்ற வடிவத்தைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பன்னிரண்டு அடிகள் கொண்ட சுற்றில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு, பத்து ஆகிய இடங்களில் அழுத்தம் விழுகிறது; வேகம் நிமிடத்துக்கு 240 அடியைத் தொடும்போது ஓர் அடிக்குக் கிடைப்பது கால் நொடி. அந்தக் கால் நொடிக்குள் வலக்கை விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விசிறிபோல விரிந்து தந்திகளை உதைத்துச் செல்லும். ராஸ்கெயாதோ என்பது இதுதான். உடனே இடக்கையின் சுண்டுவிரல் படுத்துத் தந்திகளை வாயடைக்கும். மோதிரவிரல் நகம் மேற்பலகையைத் தட்டும். உதைக்கும் மௌனத்துக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல இருந்தால்தான் கைத்தட்டுபவரும் ஆடுபவரும் அதில் கால் வைக்க முடியும். அடங்க நேரமெடுக்கும் ஓர் ஆழ்ந்த ஊமொலி, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அந்த மௌனத்துக்குள் கசிந்து, தாளத்தின் விளிம்பை மழுக்கிவிடும். காற்றுச்சுரத்தை மேலே தள்ளி, அடித்தளத்தின் எடையைக் குறைப்பதில் ஒல்லியான பெட்டிக்கு உள்ள பங்கு இங்கேதான் காதில் விழுகிறது.

ஆனால் அந்த வெட்டுக்கு முழுக் காரணம் ஆழமே என்று சொன்னால் தவறாகிவிடும். தந்திகளை மேற்பலகையின் மேல் தாங்கி நிற்கும், வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பாகத்தைப் பாருங்கள். ஃபிளமெங்கோ கிதாரில் குதிரைக்கு அருகே தந்திகள் மேற்பலகையிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. கிளாசிக்கல் கிதாரில் அது பத்து மில்லிமீட்டரைத் தாண்டும். தந்தி தாழ்வாக ஓடினால் அது பலகையை முறுக்கும் விசையும் குறைவு. கழுத்தின் சாய்வையும் அதற்கேற்ப மாற்றி அமைக்கிறார்கள். கட்டங்களுக்கு மேலேயும் தந்தி மிக நெருங்கி நிற்பதால், ஓங்கி மீட்டும்போது உலோகக் கட்டத்தில் உரசி ஒரு சிறு சலசலப்பு எழும். கிளாசிக்கல் வாத்தியத்தில் இதைக் குறை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஃபிளமெங்கோவில் இது குரலின் பகுதி. மெல்லிய மேற்பலகை தந்தியின் ஆற்றலை மளமளவென்று வாங்கிக் காற்றில் கொட்டிவிடுவதால் தொடக்கம் வெடிப்பாகவும் முடிவு விரைவாகவும் அமைகின்றன. இவை அனைத்தையும் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் 98 மில்லிமீட்டராக்கினாலும் அது ஃபிளமெங்கோ கிதாராகவே ஒலிக்கும்; இவற்றை விட்டுவிட்டு ஒரு கிளாசிக்கல் கிதாரின் பெட்டியை 88-ஆகக் குறைத்தால் அடித்தளம் மெலிந்த கிளாசிக்கல் கிதார் ஒன்றுதான் கிடைக்கும்.

வரலாறும் இதற்கே சாட்சி சொல்கிறது. தோர்ரெஸின் காலத்தில் கிளாசிக்கல், ஃபிளமெங்கோ என்ற பிரிவு தனித்தனி வடிவமைப்புகளாக இறுகியிருக்கவில்லை. அவர் ரோஸ்வுட்டிலும் செய்தார், சைப்ரஸிலும் செய்தார்; 1862-இல் பக்கங்களையும் பின்பகுதியையும் காகித அட்டையாலேயே செய்து, ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகை என்று காட்டினார். சைப்ரஸ் ஸ்பெயின் மண்ணிலேயே வளர்ந்த, விலை குறைந்த மரம். கடல்கடந்து வந்த ரோஸ்வுட்டை வாங்க இயலாதவர்களின் கிதார் அதில் உருவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செவில், மத்ரித் முதலிய நகரங்களில் ‘கஃபே காந்தாந்தே’ எனப்படும் பாட்டு விடுதிகள் பெருகியபோது, ஒலிபெருக்கி இல்லாத அந்தக் கூடங்களில் காலணிகளின் தட்டலுக்கும் கைத்தட்டலுக்கும் பாடகரின் அறைகூவலுக்கும் நடுவே ஊடுருவிக் கேட்க வேண்டிய கட்டாயம் கிதாருக்கு வந்தது. மத்ரித்தில் மனுவேல் ராமிரெஸின் பட்டறையில் வேலைபார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸும் தோமிங்கோ எஸ்தேசோவும் இந்தத் தேவையை வடிவமாக்கியவர்களில் முதன்மையானவர்கள். அந்தப் பட்டறையிலிருந்துதான் 1912-இல் செய்யப்பட்ட, ஆந்த்ரேஸ் செகோவியா நெடுங்காலம் வாசித்த கிளாசிக்கல் கிதாரும் வந்தது. இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மரபுகளும் ஒரே பட்டறையின் மரத்தூளில் பிறந்தவை என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

பிறகு ஃபிளமெங்கோ கிதார் பாட்டின் பக்கத்திலிருந்து எழுந்து தனியாக மேடையேறியது. ரமோன் மோந்தோயா 1936-இல் பாரிஸில் செய்த தனிவாசிப்புப் பதிவுகள் அதன் பெரிய மைல்கல். சாபிகாஸும் பின்னர் பாகோ தே லூசியாவும் அந்த வழியை விரிவாக்கியபோது, தனியாக ஒரு மணிநேரம் கேட்கப்படும் கிதாருக்குச் சற்று அதிகமான கார்வையும் அடித்தளமும் தேவைப்பட்டன. ரோஸ்வுட் பக்கங்களும் பின்பலகையும் கொண்ட ‘நெக்ரா’ பரவியது இந்தச் சூழலில். சைப்ரஸின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ. இந்திய ரோஸ்வுட்டின் அடர்த்தி 800-ஐத் தாண்டும். நீலகிரியிலும் மேற்குத்தொடர்ச்சி மலையின் பிற காடுகளிலும் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வோம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நெக்ராவில் மரம் மாறியது. பல பட்டறைகளில் ஆழம் ஃபிளமெங்கோ அளவிலேயே நின்றது. கார்வையை மரத்தின் வழியாகக் கூட்டி, தாளத்தின் கூர்மையை ஒல்லியான பெட்டியாலும் தாழ்ந்த குதிரையாலும் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஆழம் குறைந்தால் கிதார் இலகுவாகிறது, அதனால் ஒலி துள்ளுகிறது என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். கணக்கு இதை ஆதரிக்கவில்லை. பக்கப்பலகையின் மொத்தச் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குள். தடிமன் இரண்டு மில்லிமீட்டர். அதில் பத்து மில்லிமீட்டர் அகலத்தை வெட்டி எடுத்தால் சைப்ரஸில் குறைவது ஏறத்தாழ 15 கிராம். கிதாரின் எடை ஒரு கிலோவுக்கு மேல். உடம்புக்கு ஒல்லியான பெட்டி தரும் வசதியோ உண்மையானது: பழைய முறையில் கிதாரின் அடிப்பாகத்தை வலத்தொடையில் நிறுத்திப் பிடிப்பவருக்கு, தோள் உயராமல் கை தளர்ந்து விழுவதற்கு அந்த ஒரு விரல் அகலம் நிரம்ப உதவுகிறது. தளர்ந்த கையிலிருந்து வரும் ராஸ்கெயாதோவின் ஒலி இறுகிய கையிலிருந்து வருவதைவிட நிச்சயமாக வேறு. மேடையில் மைக் வைக்கும் இன்றைய நிலையில், 100 ஹெர்ட்ஸ் அருகே பெட்டி ஊளையிடத் தொடங்குவதுதான் ஒலிப்பொறியாளரின் முதல் தலைவலி. அங்கும் அடித்தளம் மெலிந்த பெட்டி சற்று எளிதாகக் கட்டுக்குள் நிற்கும்.

ஸ்பானியக் கட்டுமான முறையில் மேற்பலகை சொலேரா என்ற வேலைப்பலகையின் மேல் குப்புறப் படுத்திருக்க, கழுத்தும் பக்கங்களும் அதன்மேல் எழுப்பப்பட்டு, பின்பலகை கடைசியாகத்தான் ஒட்டப்படுகிறது. அதற்கு முந்தைய வேளையில் கிதார் வாய்பிளந்த பெட்டியாகக் கிடக்கும். மேற்பலகையின் தடிமன் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. உள்விட்டங்கள் ஒட்டிச் செதுக்கப்பட்டுவிட்டன. அந்தப் பலகையைத் தட்டித் தட்டி அது எவ்வளவு நெகிழ்வானது என்பதைச் செய்பவர் அறிந்துவிட்டார். இழைப்புளியை எடுத்துப் பக்கங்களின் விளிம்பிலிருந்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இறக்கலாமா என்று அவர் தீர்மானிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். மேற்பலகையை ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மெலிதாக்கலாம், ஒலித்துளையைக் கொஞ்சம் விரிக்கலாம், குதிரையைத் தாழ்த்தலாம்; இவையெல்லாம் பின்னரும் முடியும். பின்பலகைக்குப் பசை தடவி இறுக்கிக் கட்டிய பிறகு ஆழத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.